ஆசிரியரை மதிப்பிடுவது யார், எப்படி? தோட்டப்புறப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போகும் எவரும் அக்கம்பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "அந்தப் பள்ளி எப்படி?" என்பதுதான். முன்பு அதற்கு எளிய பதில் ஒன்று இருந்தது. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யுபிஎஸ்ஆர் தேர்வில் எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்தார்கள் என்று பள்ளி வேலியில் பதாகை கட்டியிருப்பார்கள். 1988-இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2021-இல் ரத்தானது. ஒரு குழந்தையின் ஆறாண்டுப் படிப்பை ஒரு தேர்வுக்குள் அடைத்த முறை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பதாகை போன இடத்தில் பெற்றோருக்கு வேறு எந்தத் தகவலும் வந்து சேரவில்லை. சந்தையிலும் கோயில் வாசலிலும் கேள்விப்படுவதை வைத்துத்தான் பெரும்பாலானோர் பள்ளியை எடைபோடுகிறார்கள்.

பள்ளிக்குள்ளேயோ மதிப்பீடு ஆண்டு முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியரை மதிப்பிடுகிறார்கள், தலைமையாசிரியரை மதிப்பிடுகிறார்கள், பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்கிறது. எந்த அளவுகோலால் என்பது மூடுமந்திரம் அல்ல. அந்த அளவுகோல் கையேடாகவே இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதைப் பெற்றோரிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான். பிள்ளையைப் புதிதாகச் சேர்த்தவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில்: யார் யாரை மதிப்பிடுகிறார்கள்

மூன்று விதமான மதிப்பீடுகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டு கேள்வி கேட்டால் பதிலும் குழப்பமாகவே வரும்.

ஒன்று, தனிநபர் மதிப்பீடு. கல்விச் சேவை அதிகாரிகளுக்கான ஒருங்கிணைந்த மதிப்பீடு என்பது இதன் பெயர். ஆசிரியர்கள் மலாய்ச் சுருக்கத்தில் பி.பி.பி.பி.பி. என்பார்கள். ஓர் ஆசிரியரை இரண்டு மதிப்பீட்டாளர்கள் மதிப்பிடுவார்கள். வழக்கமாக அவர்கள் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள், அதாவது துணைத் தலைமையாசிரியர், தலைமையாசிரியர். தலைமையாசிரியருக்கு மதிப்பெண் போடுவது மாவட்டக் கல்வி இலாகா. ஓர் ஊழியரின் பணிக் கோப்பில் சேரும் ஆவணம் இது. பொதுமக்களுக்கு இது வராது. வரவும் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு, பள்ளியின் சுயமதிப்பீடு. மலேசியக் கல்வித் தர அளவுகோலின் இரண்டாம் அலை 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. பள்ளி வட்டாரத்தில் 'எஸ்கேபிஎம்' என்றாலே போதும், புரிந்துகொள்வார்கள். இதில் ஐந்து தரங்கள் உண்டு. முதலாவது தலைமைத்துவம். இரண்டாவது நிறுவன நிர்வாகம். மூன்றாவது பாடத்திட்டம், புறப்பாடம், மாணவர் நலம் ஆகியவற்றின் நிர்வாகம். நான்காவது வகுப்பறையில் நடக்கும் கற்றல் கற்பித்தல். ஐந்தாவது மாணவர் மேம்பாடு. தலைமையாசிரியரைப் பற்றிய முதல் தரத்தைக் கவனித்துப் படியுங்கள். அவர் முன்னின்று நடத்துபவராகவும், வழிகாட்டுபவராகவும், ஊக்கமூட்டுபவராகவும் இருக்கிறாரா என்றுதான் அது கேட்கிறது. கோப்புகளை அடுக்கி வைத்திருக்கிறாரா என்பது அங்கே கேள்வி அல்ல.

மூன்று, வெளியிலிருந்து வரும் ஆய்வு. கல்வி அமைச்சின் நசிர் குழுவுக்கு, அதாவது பள்ளி ஆய்வாளர் குழுவுக்கு, 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிகளுக்குள் வந்து ஆய்வு செய்யும் அதிகாரத்தைத் தருகிறது. பள்ளி தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண் சரிதானா என்று அதே அளவுகோலை வைத்து அவர்கள் பார்ப்பார்கள். இவர்களைத் தவிர, மாவட்டக் கல்வி இலாகாவில் தலைமையாசிரியர்களுக்குத் துணைநிற்கும் அதிகாரிகளும், பாட ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். 2013-இல் கெடாவிலும் சபாவிலும் முன்னோடியாகத் தொடங்கிய மாவட்ட உருமாற்றத் திட்டத்தின் வழியாக வந்தவர்கள் இவர்கள். இவர்கள் வருவது குறை கண்டுபிடிக்க அல்ல, கைகொடுக்க. எங்கள் ஊர்ப் பள்ளிகள் கோலகங்சார் மாவட்டத்தில் அடங்கும். உங்கள் பள்ளி எந்த மாவட்டக் கல்வி இலாகாவின் கீழ் வருகிறது என்பதை முதல் வேலையாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயரை வைத்து ஊகித்துக் கடிதம் அனுப்பினால் அது வேறு அலுவலகத்துக்குப் போய்க் கிடக்கும்.

நான்காவது தரத்தைக் கையில் எடுங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்ற நான்கையும் பிறகு படிக்கலாம். உங்கள் பிள்ளையின் அன்றாடத்தைத் தொடுவது நான்காவது தரம்தான்.

மேற்பார்வையாளர் ஒருவர் வகுப்பின் பின்வரிசையில் தாளும் பேனாவுமாக உட்காருகிறார். மூன்றாம் ஆண்டுக் கணிதம், பாடம் பின்னம். ஆசிரியை ஓர் அட்டை வட்டத்தை நான்காக வெட்டிக் காட்டுகிறார். மேற்பார்வையாளரின் தாளில் ஆறு கூறுகள் இருக்கின்றன. முதல் ஐந்து ஆசிரியரைப் பற்றியவை. அவர் திட்டமிடுபவராகவும், வகுப்பைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவராகவும், வழிகாட்டுபவராகவும், உந்துபவராகவும், மதிப்பிடுபவராகவும் இருக்கிறாரா? ஆறாவது மாணவனைப் பற்றியது. அவன் தானே முனைந்து கற்கிறானா? ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து நான்குவரை மதிப்பெண். வட்டத்தை வெட்டியது ஆசிரியை மட்டும்தானா, பிள்ளைகளும் வெட்டினார்களா? நாள் பாடத்திட்டத்தில் எழுதியிருந்ததும் வகுப்பில் நடந்ததும் ஒன்றுதானா? பின்தங்கிய மூன்று பேருக்கு வேறு பயிற்சி கொடுத்தாரா, அல்லது எல்லோருக்கும் ஒரே தாளா? மதிப்பெண் இப்படித்தான் விழுகிறது.

ஆறாவது கூறை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆசிரியர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பிள்ளைகள் வாய்மூடி உட்கார்ந்திருந்தால் அங்கே மதிப்பெண் கிடைக்காது. "எங்கள் பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்கப் பயப்படுகிறான்" என்று சொல்லும் தாய்க்கு அந்த அளவுகோலில் இடம் இருக்கிறது. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பறையைப் பார்த்து மதிப்பிடுவது எவ்வளவு அவசியம் என்பதற்கு 2013–2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டமே சான்று. அதில் 2011-ஆம் ஆண்டு ஆய்வொன்றின் முடிவு தரப்பட்டிருக்கிறது. 41 பள்ளிகளில் 125 பாடங்களைப் பார்த்தவர்கள், 12 விழுக்காடு உயர்ந்த தரம், 38 விழுக்காடு திருப்தி, மீதி 50 விழுக்காடு திருப்தியில்லை என்று கண்டார்கள். அரசு தன் பெருந்திட்டத்திலேயே இதை ஒளிக்காமல் அச்சிட்டது. அதே பெருந்திட்டத்தின் பதினொரு மாற்றங்களில் கடைசி மாற்றம், பொதுமக்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் வகையில் வெளிப்படைத்தன்மையைக் கூட்டுவது. அதன்படி அமைச்சு ஆண்டறிக்கைகளை வெளியிட்டது. நாடு தன் கணக்கைச் சொல்லும்போது நம் ஊர்ப் பள்ளியும் சொல்லலாம்.

எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

"எந்த ஆசிரியருக்கு எத்தனை மதிப்பெண்?" என்று கேட்காதீர்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாராவது இந்தக் கேள்வியைத் தொடங்கினால், நீங்களே முன்வந்து நிறுத்துங்கள்.

கேட்டுப் பார்த்த ஊர்களில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். 2012-இல் நியூயார்க் நகரில் ஏறத்தாழ 18,000 ஆசிரியர்களின் தரவரிசை பெயரோடு வெளியானது. மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிட்ட வரிசை அது. நூறு படி கொண்ட அந்த வரிசையில் சராசரிப் பிழை வரம்பு கணிதத்தில் 35 படி, ஆங்கிலத்தில் 53 படி. நடுவில் நிற்கும் ஆசிரியர் உண்மையில் மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்று சொல்ல முடியாத எண்ணை ஊரெல்லாம் படித்தது. இங்கிலாந்தில் முழுப் பள்ளிக்கும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பெழுதும் வழக்கம் இருந்தது. அப்படி ஓர் ஆய்வுக்குப் பிறகு ஒரு தலைமையாசிரியை உயிரை மாய்த்துக்கொண்டார். 2024-இல் அந்த ஒற்றைச் சொல் தீர்ப்பைக் கைவிட்டார்கள். தோட்டப் பட்டணத்தில் ஆசிரியையும் பெற்றோரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், ஒரே கடையில் சாமான் வாங்குகிறவர்கள். இங்கே ஒருவரின் மதிப்பெண் வெளியே வந்தால் அவர் அதைத் தெருவிலும் சுமக்க வேண்டியிருக்கும்.

வேறு வழியும் உண்டு. 2009-இல் அமெரிக்க மத்திய அரசு மாநிலங்களின் கல்விச் செலவுக்காக 4,800 கோடி டாலருக்கும் மேல் உதவிநிதி ஒதுக்கியபோது ஒரு நிபந்தனை வைத்தது. ஒவ்வொரு மாவட்டமும் ஆசிரியரையும் பள்ளித் தலைவரையும் எந்த முறையில் மதிப்பிடுகிறது என்பதை வெளியிட வேண்டும். மதிப்பீட்டில் நிலைகள் இருந்தால், ஒவ்வொரு நிலையிலும் எத்தனை விழுக்காட்டினர் என்பதையும் சொல்ல வேண்டும். யாருடைய பெயரும் தேவையில்லை. நாம் நம் பள்ளியிடம் கேட்கத் தகுந்த அளவு இதுதான். முறை என்ன, மொத்தத்தில் நிலை என்ன, அதைப் பார்த்த பிறகு பள்ளி என்ன செய்தது?

இந்த மூன்றையும் கேள்விகளாக எழுதினால் இப்படி வரும்:

- சென்ற ஆண்டு எஸ்கேபிஎம் சுயமதிப்பீட்டில் ஐந்து தரங்களிலும் பள்ளி எங்கே நின்றது? எதில் வலுவாக இருக்கிறோம், எதில் பின்தங்கியிருக்கிறோம்?
- ஓர் ஆசிரியரின் வகுப்பு ஆண்டுக்கு எத்தனை முறை மேற்பார்வையிடப்படுகிறது? யார் செய்கிறார்கள்? முடிந்ததும் ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுகிறார்களா?
- நசிர் குழு கடைசியாக எப்போது வந்தது? மேம்படுத்தச் சொன்னவற்றில் எவை முடிந்தன?
- மேற்பார்வையில் தெரிந்த பொதுவான குறைக்கு என்ன பயிற்சி ஏற்பாடானது?
- வகுப்புசார் மதிப்பீட்டில் பிள்ளைகளுக்குத் தரும் அடைவுநிலை வகுப்புக்கு வகுப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை யார் சரிபார்க்கிறார்கள்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். யுபிஎஸ்ஆர் போன பிறகு பிள்ளையின் நிலையை ஒன்றிலிருந்து ஆறுவரையுள்ள அடைவுநிலையில் பெரும்பாலும் சொல்வது பள்ளி ஆசிரியர்தான். அதனால் ஆசிரியரின் மதிப்பிடும் திறனை யார் பார்க்கிறார்கள் என்பது நம் பிள்ளையின் அறிக்கையை நம்பலாமா என்ற கேள்வியோடு பிணைந்தது.

ஆண்டுப் பொதுக்கூட்டம்தான் இடம்

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் 1998-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இயங்குகின்றன. தலைமையாசிரியர் சங்கத்தின் ஆலோசகர். ஆசிரியரை நியமிப்பதோ மாற்றுவதோ மதிப்பெண் போடுவதோ சங்கத்தின் வேலை அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே கேள்வியைத் தொடங்குங்கள். தலைமையாசிரியரின் பாதிப் பதற்றம் அப்போதே தணியும்.

கூட்ட அறிவிப்புக் கடிதம் பிள்ளையின் பையில் வரும். அதன் அடியில் தீர்மானம் அனுப்பக் கடைசி நாள் போட்டிருப்பார்கள். கடிதத்தை அன்றே படியுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பதைவிட, அந்தத் தேதிக்குள் எழுத்தில் கொடுப்பது மேல். தயாராக நேரம் கிடைத்தால் தலைமையாசிரியர் முழுமையான பதிலோடு வருவார். திடீரென்று கேட்டால் "பிறகு பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

தீர்மானத்தை இப்படி எழுதலாம்:

"தலைமையாசிரியர் தம் ஆண்டறிக்கையில், பள்ளியின் கல்வித் தர சுயமதிப்பீட்டின் ஐந்து தரங்களுக்கான ஒட்டுமொத்த நிலையையும், வகுப்பு மேற்பார்வை நடைபெறும் முறையையும், அதன் தொடர்ச்சியாக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையும், எந்த ஆசிரியரின் பெயரும் இடம்பெறாத வகையில், பெற்றோருக்கு விளக்குமாறு இப்பொதுக்கூட்டம் கேட்டுக்கொள்கிறது."

முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வேண்டும். வழிமொழிய ஓர் ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களும் சங்க உறுப்பினர்களே. நன்றாக வேலை செய்யும் ஆசிரியருக்கு இந்த வெளிச்சத்தால் நன்மைதான். அவர் படும் பாட்டைப் பெற்றோர் அப்போதுதான் அறிவார்கள்.

பொதுக்கூட்டம் எப்படிப் போகும் என்பது போனவர்களுக்குத் தெரியும். பசியாறல் பொட்டலம், வரவேற்புரை, போட்டி விளையாட்டுப் படங்கள், கணக்கறிக்கை, தேர்தல். மாணவர் அடைவு பற்றிய பகுதி விரைவாக ஓடிவிடும். கணக்கறிக்கையில் முப்பது ரிங்கிட் எங்கே போனது என்று அரைமணி நேரம் பேசும் கூட்டம், வகுப்பறையைப் பற்றி ஒரு நிமிடமும் பேசாமல் கலைகிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. செயலவையில் இருக்கிறீர்கள் என்றால் நிகழ்ச்சி நிரலில் தலைமையாசிரியரின் அறிக்கையைத் தேர்தலுக்கு முன்னால் வையுங்கள். தேர்தல் முடிந்தால் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும்.

கேட்கும் முறையில் மரியாதை இருக்கட்டும். "ஐயா, நான்காம் தரத்தில் நம் பள்ளி எங்கே இருக்கிறது, அதை உயர்த்தப் பெற்றோராகிய நாங்கள் என்ன செய்யலாம்?" என்று ஒரு லாரி ஓட்டுநர் கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் மனம் வராது.

சிறிய பள்ளி என்றால் இன்னும் கவனம்

மாணவர் எண்ணிக்கை 150-க்கும் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசு வகைப்படுத்துகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்த வகையில் வருகின்றன. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி, பள்ளி பட்டணத்துக்கு இடம்பெயர்ந்தும், பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கும் பள்ளிகளும் அவற்றில் உண்டு. அத்தகைய பள்ளியில் ஏழெட்டு ஆசிரியர்களே இருக்கலாம். "கணிதம் கற்பிப்போரின் சராசரி" என்று சொன்னாலே யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பாடவாரியாகவோ வகுப்புவாரியாகவோ கேட்காதீர்கள். பள்ளி முழுமைக்குமான நிலையும், எடுத்த நடவடிக்கையும் போதும்.

இன்னொன்று. சிறிய பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பெடுக்கிறார். அலுவலகம், வகுப்பு, கூட்டம் எல்லாம் முடித்துத்தான் மற்றவர்களின் பாடத்தை மேற்பார்வையிடப் போகிறார். மேற்பார்வை குறைவாக நடந்திருந்தால் காரணம் அலட்சியம் என்று முடிவு கட்டாமல், ஆள்பலத்தைக் கேளுங்கள். பள்ளிகளின் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கைப் பட்டியலைக் கல்வி அமைச்சு தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பள்ளிக்குப் போகும்முன் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆசிரியர் பற்றாக்குறை என்று தெரிந்தால், மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுத வேண்டிய கடிதமே வேறாகிவிடும். அப்போது தலைமையாசிரியரும் நம் பக்கம்தான்.

இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அங்கே பள்ளி முதல்வர் இருப்பார், கூட்டம் மலாயில் நடக்கும். தயங்காமல் போங்கள். தீர்மானத்தை மலாயில் எழுதித் தர உங்கள் பிள்ளையாலேயே முடியும்.

பதில் வராவிட்டால்

முதலில் செயலவை வழியாக நினைவூட்டுக் கடிதம். நகல் கட்டாயம் உங்களிடம் இருக்கட்டும். அரசு உதவிபெறும் பள்ளியாக இருந்து பள்ளி மேலாளர் வாரியம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி. அடுத்து மாவட்டக் கல்வி இலாகா. மாநிலக் கல்வி இலாகாவில் தமிழ்ப்பள்ளிகளுக்கான அமைப்பாளர் இருக்கிறார், அவரிடமும் பேசலாம். இலாகாவுக்குப் போகும் கடிதம் மலாயில் இருக்கட்டும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

தகவலறியும் சட்டம் என்று யாராவது சொன்னால் அதன் எல்லையை அறிந்துகொள்ளுங்கள். சிலாங்கூரும் பினாங்கும் அத்தகைய சட்டத்தை இயற்றியிருக்கின்றன, ஆனால் அவை மாநில அரசுத் துறைகளுக்கானவை. கல்வி மத்திய அரசின் பொறுப்பு என்பதால் அந்தச் சட்டங்கள் பள்ளி மதிப்பீட்டுக்கு எட்டாது. மறுபக்கம், "தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது" என்று பள்ளி சொன்னால் அதுவும் பொருந்தாது. 2010-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. அதோடு, நீங்கள் கேட்பதில் எவருடைய தனித் தரவும் இல்லை. இதை வாக்குவாதமாக்காமல் அமைதியாகச் சொல்லுங்கள்.

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையமும் ஒரு வழி. அவர் நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வக் கேள்வி கேட்டால் அமைச்சு பதில் தர வேண்டும், அந்தப் பதிலை எவரும் படிக்கலாம். ஒரே ஒரு பள்ளிக்காக இதைப் பயன்படுத்த வேண்டாம். சுயமதிப்பீட்டின் ஒட்டுமொத்த நிலையை எல்லாப் பள்ளிகளும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்ற பொதுக் கோரிக்கைக்கு அது சரியான இடம்.

ஓர் எச்சரிக்கை. ஆசிரியர் பிள்ளையை அடித்தார், வகுப்புக்கே வருவதில்லை என்பன போன்ற குற்றச்சாட்டுகளை இந்தக் கோரிக்கையோடு கலக்காதீர்கள். அவை புகார்கள். முதலில் தலைமையாசிரியர், பிறகு மாவட்டக் கல்வி இலாகா, தேவையானால் அமைச்சின் பொதுப் புகார் இணையத்தளமான சிஸ்பா. அங்கே தேதி, நேரம், நடந்தது என்ன என்று எழுதிக் கொடுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் புகாரும் விசாரணையின்றிக் கிடக்கும், தகவல் கேட்டதும் பழிவாங்கலாகத் தெரியும்.

பதில் வந்த பிறகு

தலைமையாசிரியர் விளக்கியதைக் கூட்டக் குறிப்பில் எண்களோடு எழுதச் சொல்லுங்கள். "தலைமையாசிரியர் விளக்கமளித்தார்" என்ற ஒற்றை வரியால் அடுத்த ஆண்டு யாருக்கும் பயனில்லை. எந்தத் தரம் எந்த நிலை, மேம்படுத்த என்ன செய்வதாகச் சொன்னார், எப்போதைக்குள் என்ற மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். மலாயில் குறிப்பெழுதும் பள்ளியென்றால் தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தைப் புலனக் குழுவில் போடுங்கள். கூட்டத்துக்கு வர முடியாத பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து வந்து தூங்கும் தகப்பனும் அதைப் படிக்கட்டும்.

செயலவை மாறும்போது பழைய செயலாளர் கணக்குப் புத்தகத்தோடு இந்தக் குறிப்புகளையும் கடித நகல்களையும் ஒரே கோப்பில் போட்டுப் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஆண்டுத் தீர்மானத்தை எழுதுபவர் அந்தக் கோப்பின் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார்.